ரிஹானாவிடம் ஏன் காரணம் கேட்டார்கள்? 2009 சம்பவமும் பாஸ்டன் பிள்ளைகளின் பதிலும்

2009 மார்ச்சில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொதுச் சுகாதார ஆணையம் ஒரு சிறிய கருத்துக்கணிப்பின் முடிவை வெளியிட்டது. 12 முதல் 19 வயது வரையுள்ள சுமார் 200 பேரிடம் எடுத்தது. பாடகி ரிஹானாவை அவருடைய காதலரும் பாடகருமான கிறிஸ் பிரவுன் அடித்த சம்பவம் பற்றித்தான் கேள்விகள். 51 சதவீதம் பேர் பிரவுன் பொறுப்பு என்றார்கள். 46 சதவீதம் பேர் ரிஹானா பொறுப்பு என்றார்கள். 52 சதவீதம் பேர் இருவர் மீதும் தப்பு உண்டு என்றார்கள். ரிஹானா அந்தப் பையனின் தொழிலையே கெடுக்கிறார் என்று சொன்னவர்களில் பெண் பிள்ளைகளும் கணிசமாக இருந்தார்கள்.

இசை நட்சத்திரங்களை ஊடகம் காட்டும் விதம் இளையவர்களைப் பாதிக்கிறது என்று யாராவது சொன்னால், நட்சத்திரம் செய்வதைப் பார்த்துப் பிள்ளைகளும் அதையே செய்வார்கள் என்றுதான் நாம் உடனே புரிந்துகொள்கிறோம். சிகரெட், துப்பாக்கி, கெட்ட வார்த்தை என்று அந்தப் பட்டியல் போகும். 2009 நிகழ்வு காட்டுவது வேறு. இந்தப் பிள்ளைகள் பிரவுனைப் பார்த்து யாரையும் அடிக்கப் போனதாக யாரும் சொல்லவில்லை. அவர்கள் செய்தது, அடி வாங்கியவரிடம் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டது. அந்தக் கேள்வி அவர்கள் வாய்க்கு எப்படி வந்தது என்று தேடிப் பார்ப்பதுதான் இந்த ஆய்வின் வேலை.

நடந்தது

2009 பிப்ரவரி 7 இரவு, கிராமி விருதுகளுக்கு முந்தைய நாள். இசைத்துறைப் பெரும்புள்ளி கிளைவ் டேவிஸ் ஆண்டுதோறும் தரும் விருந்துக்கு இருவரும் சேர்ந்து போயிருந்தார்கள். ரிஹானாவுக்கு 21 வயது முடிய இன்னும் சில நாள் இருந்தது. பிரவுனுக்கு 19. விருந்து முடிந்து நள்ளிரவுக்குப் பின் திரும்பும்போது, லாஸ் ஏஞ்சலிஸின் ஹான்காக் பார்க் பகுதியில், காருக்குள் சண்டை. பிரவுனின் போனில் இருந்த ஒரு குறுஞ்செய்தியில் ஆரம்பித்தது என்று காவல்துறையின் வாக்குமூலம் சொல்கிறது. குத்து, கடி, கழுத்தை நெரித்தது என்று அந்த வாக்குமூலம் விவரமாகவே போகிறது. மறுநாள் மாலை நடந்த விருது விழாவில் இருவரும் பாடவில்லை. அவர்கள் பாட வேண்டிய இடத்தை ஜஸ்டின் டிம்பர்லேக், அல் கிரீன் முதலானோர் நிரப்பினார்கள். அன்று மாலையே பிரவுன் காவல்துறையிடம் சரணடைந்து, 50,000 டாலர் பிணையில் வெளியே வந்தார்.

ஜூன் 22 அன்று அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆகஸ்ட் 25 அன்று தீர்ப்பு: 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 180 நாள் சமூகப் பணி, குடும்ப வன்முறை பற்றிய ஓராண்டுப் பயிற்சி. ரிஹானாவிடமிருந்து 50 கஜம் தள்ளியே இருக்க வேண்டும், இசைத்துறை நிகழ்ச்சி என்றால் மட்டும் 10 கஜம். இந்த 10 கஜம் என்ற சலுகையைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்ற கவலை நீதிமன்றத்துக்கே இருந்திருக்கிறது.

முன்பே வரைந்து வைத்த இரண்டு படங்கள்

பிள்ளைகள் அந்தச் செய்தியைக் கேட்டபோது, இருவரைப் பற்றியும் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. அதை வரைந்தது அவர்கள் அல்ல, பாட்டு விற்றவர்கள்.

கிறிஸ் பிரவுன் வர்ஜீனியா மாநிலத்தின் டப்பஹானாக் என்ற சிற்றூர்ப் பையன். 2005-ல் 16 வயதில் வந்த முதல் பாட்டே அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். அந்தக் காலத்து ராப் பாடகர்களுக்கு ஊடகம் கொடுத்திருந்த முகம் முரடன், கும்பல்காரன், போதை விற்றவன். பிரவுனுக்கு அதற்கு நேர் எதிரான முகத்தைக் கொடுத்தார்கள். அழகாக ஆடுகிற, அம்மா பிள்ளையான, பக்கத்து வீட்டுப் பையன். பால் குடிக்கச் சொல்லும் விளம்பரத்தில் மேல் உதட்டில் பால் மீசையோடு நின்றார். ரிக்லி நிறுவனத்தின் டபுள்மின்ட் சூயிங்கம்முக்கு விளம்பரம் செய்தார். அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2008-ல் வெற்றிபெற்ற 'ஃபாரெவர்' பாட்டு, அந்த விளம்பரத்துக்காகப் போட்ட மெட்டின் நீண்ட வடிவம். பாட்டு எல்லார் வாயிலும் புகுந்த பிறகுதான் ஜூலையில் அந்த விஷயத்தை வெளியே சொன்னார்கள். அதாவது பாட்டு எது, விளம்பரம் எது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒரு பையனின் சிரிப்பை விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும்பகுதி 12 வயதிலிருந்து 17 வயதுக்குள்ளான பெண் பிள்ளைகள் என்று சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ரிஹானா பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர். அவரும் முதலில் வெயிலும் கடலுமாகச் சிரிக்கிற தீவுப் பெண்ணாகத்தான் வந்தார். 2007-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தோடு அது மாறியது. 'குட் கேர்ள் கான் பேட்' என்று ஆல்பத்துக்குப் பெயர். நல்ல பெண் கெட்டுப் போய்விட்டாள் என்று அட்டையிலேயே எழுதி விற்றார்கள். முடியை வெட்டி, கறுப்புத் தோல் உடை போட்டு, யாருக்கும் அடங்காதவள் என்ற தோற்றம். விற்பனைக்கு அது மிக நல்ல யோசனை. 'அம்ப்ரெல்லா' உலகத்தையே சுற்றி வந்தது.

இப்போது பிப்ரவரி 8 அன்று செய்தி வருகிறது. ஒரு பக்கம் பால் மீசை வைத்த பையன். இன்னொரு பக்கம், தான் கெட்டவள் என்று தானே அறிவித்துக்கொண்ட பெண். யார் யாரைக் கோபப்படுத்தியிருப்பார்கள் என்று 14 வயதுப் பிள்ளை ஊகிக்கப் போனால், ஊகம் எந்தப் பக்கம் சாயும்? கறுப்பினப் பெண்ணைக் கோபக்காரி, எதையும் தாங்குபவள், திருப்பி அடிப்பவள் என்று அமெரிக்கத் திரையும் தொலைக்காட்சியும் பல தலைமுறையாகக் காட்டிவந்த பழைய படமும் இதோடு சேர்ந்துகொண்டது. அடி தாங்குவாள் என்று நினைக்கப்படுகிறவள் அடி வாங்கினால், பார்ப்பவர்களுக்கு இரக்கம் வரத் தாமதமாகிறது.

1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள், தொலைக்காட்சியில் வருபவரோடு பார்ப்பவருக்கு ஏற்படும் ஒருதலைப்பட்சமான நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். அவருக்கு நம்மைத் தெரியாது. நமக்கோ அவரை வருடக்கணக்காகத் தெரியும் போலிருக்கும். பிரவுனுக்காக வாதாடிய பெண் பிள்ளைகள் முன்பின் தெரியாத ஒருவருக்காக வாதாடவில்லை. அவர்களைப் பொறுத்தவரை, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பையன் அவன். நம் வீட்டுப் பையன் ஒருவன் மீது புகார் வந்தால் நாம் முதலில் என்ன செய்வோமோ அதைத்தான் அவர்களும் செய்தார்கள். எதிர்த்தரப்பை விசாரித்தார்கள்.

11 நாள் வெற்றிடம்

குடும்ப வன்முறையில் பாதிக்கப்பட்டவர் பெயரைக் காவல்துறை வெளியிடுவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் ரிஹானா என்று பெயர் சொல்லி எழுதிவிட்டது. அதன் பிறகும் காருக்குள் என்ன நடந்தது என்று இரண்டு தரப்பும் விவரம் சொல்லவில்லை. சட்டப்படி அது சரிதான். ஆனால் ஊடகம் காலியிடத்தை அப்படியே விட்டுவைக்காது.

பிப்ரவரி 19 அன்று டிஎம்ஸி என்ற கிசுகிசுத் தளம், வீங்கிய முகத்தோடு கண் மூடியிருந்த ரிஹானாவின் புகைப்படத்தை வெளியிட்டது. காவல்துறை வழக்குக்காக எடுத்த படம் எப்படிக் கசிந்தது என்று உள் விசாரணை தொடங்கினார்கள். சம்பவத்துக்கும் படத்துக்கும் நடுவில் 11 நாள். அந்த 11 நாளில் வதந்தி தன் வேலையை முடித்துவிட்டது. அவள்தான் முதலில் கை நீட்டினாள், அவள்தான் கார் சாவியைப் பிடுங்கினாள், அவள் ஏதோ செய்திருக்கிறாள் என்று ஆதாரமே இல்லாத கதைகள் பள்ளிக்கூட வராந்தா வரை போய்ச் சேர்ந்தன. காவல்துறையின் வாக்குமூலம் பொதுவெளிக்கு வந்தது மார்ச்சில்தான். அதற்குள் கட்சி பிரிந்தாகிவிட்டது.

அந்தப் புகைப்படம் பற்றி எனக்கு இரண்டு மனம். அது வந்த பிறகுதான் "நடந்ததா இல்லையா" என்ற பேச்சு ஓய்ந்தது என்பது உண்மை. ஆனால் ஒரு பெண் தான் அடி வாங்கியதை நிரூபிக்க, தன் சம்மதம் இல்லாமல் தன் முகத்தை உலகத்துக்கே காட்டும்படி ஆனது என்பதும் உண்மை. அந்தப் படம் தனக்கு அவமானமாக இருந்தது என்று அவரே பிறகு சொன்னார். பிள்ளைகள் அந்தப் படத்திலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் அடிப்பது தவறு என்பதாக மட்டும் இருந்திருக்காது. அடி வாங்கியதை வெளியே சொன்னால் நம் முகமும் இப்படி ஊர் ஊராகப் போகும் என்பதும் அதில் இருக்கிறது.

பெரியவர்களின் ஊடகம் என்ன செய்தது? தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே, இன்னொரு தொகுப்பாளரான டைரா பேங்க்ஸோடு சேர்ந்து மார்ச்சில் ஒரு முழு நிகழ்ச்சியைக் காதல் உறவில் வன்முறைக்கு ஒதுக்கினார். ஒருமுறை அடிப்பவன் மறுபடியும் அடிப்பான் என்று ரிஹானாவுக்கு நேராகவே செய்தி சொன்னார். நல்ல விஷயம்தான். அதே வாரங்களில் பரபரப்பு ஏடுகள், இருவரும் மயாமியில் மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்று காதல் கதை எழுதிக்கொண்டிருந்தன. அந்த ஏடுகள் எழுதியதைப் பிறகு ஆய்வு செய்தவர்கள், அடித்தது தவறு என்ற குரலே அவற்றில் முன்னால் நின்றது என்றார்கள். ஆனால் பாதிக்கப்பட்டவர் மீது பழி போடும் வரியும், வன்முறையை ஆழமான காதலின் அடையாளம் போலக் காட்டும் வரியும் பக்கத்திலேயே இருந்தன. ஒரே பக்கத்தில் கண்டனமும் கிறக்கமும். பிள்ளைகள் எதை எடுத்துக்கொள்வார்கள் என்பது அவர்கள் ஏற்கெனவே யார் பக்கம் என்பதைப் பொறுத்தது.

நிக்கலோடியன் என்ற சிறுவர் தொலைக்காட்சி நடத்தும் விருதுக்கு அந்த ஆண்டு பிரவுன் இரண்டு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டிருந்தார். பிள்ளைகள் அவருடைய கலைக்காகத் தேர்ந்தெடுத்த பெயர், எனவே எடுக்க மாட்டோம் என்பதாக இருந்தது தொலைக்காட்சியின் நிலை. எதிர்ப்பு வலுத்த பிறகு பிரவுனே விலகிக்கொண்டார். முடிவெடுக்க வேண்டிய பெரியவர்கள் அந்த முடிவைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு, பிறகு "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று" என்று ஆச்சரியப்பட்டார்கள்.

கணிப்பைப் படிக்கும் விதம்

பாஸ்டன் கணிப்பு வெளிவந்ததும், பாதிப் பதின்பருவத்தினர் ரிஹானாவைக் குற்றம் சொல்கிறார்கள் என்று உலகம் முழுக்கத் தலைப்பு வந்தது. அந்தத் தலைப்பைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். 51, 46, 52 ஆகிய மூன்றையும் கூட்டிப் பாருங்கள், 149 வருகிறது. அதாவது ஒரே பிள்ளை ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கியங்களுக்கு ஆமாம் போட்டிருக்கிறது. பிரவுன் பொறுப்பு என்று சொன்ன அதே கை, ரிஹானாவும் பொறுப்பு என்று குறித்திருக்கலாம். அப்புறம், இது ஒரே நகரத்தில் சுமார் 200 பேரிடம், செய்தி சூடாக இருந்தபோது எடுத்தது. அமெரிக்க இளையோர் எல்லாருடைய மனசாட்சியையும் இதில் அளந்துவிட முடியாது.

எனக்கு முக்கியமாகப் படுவது, அவ்வளவாகத் தலைப்பில் வராத இரண்டு எண்கள். காதலர்களுக்குள் வாக்குவாதம் சகஜம் என்று 71 சதவீதம் பேர் சொன்னார்கள். அதில் தப்பில்லை. ஆனால் சண்டை போடுவதும் உறவில் சகஜம் என்று 44 சதவீதம் பேர் சொன்னார்கள். இந்த 44-ஐ ரிஹானாவோ பிரவுனோ உண்டாக்கியிருக்க முடியாது. அது முன்பிருந்தே வீட்டிலும் தெருவிலும் இருந்த எண்ணம். அதே 2009-ல் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் எடுத்த தேசிய அளவிலான கணக்கெடுப்பில், உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 9.8 சதவீதம் பேர் கடந்த 12 மாதத்தில் தங்கள் காதலனோ காதலியோ வேண்டுமென்றே அடித்ததாகச் சொல்லியிருந்தார்கள். கிட்டத்தட்டப் பத்தில் ஒருவர். அந்தப் பிள்ளைகளுக்கு இது ஹாலிவுட் செய்தி அல்ல. தன் வீட்டிலோ தன் காதலிலோ நடப்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேச முடியாதவர்கள், ரிஹானாவின் பெயரை வைத்துப் பேசினார்கள்.

நியூயார்க் டைம்ஸ் அதே மார்ச்சில், பிராங்ஸ் பகுதிப் பள்ளி மாணவிகளிடம் பேசி எழுதியபோது இதே தொனிதான் வந்தது. அவன் அவ்வளவு தூரம் போக அவள்தான் ஏதோ செய்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண் பிள்ளைகள் பேசினார்கள். இதை நான் அவ்வளவு எளிதாகக் கல்நெஞ்சம் என்று சொல்ல மாட்டேன். அவள் ஏதோ தப்புச் செய்ததால்தான் அடி விழுந்தது என்று நம்பினால், தான் தப்புச் செய்யாமல் இருந்தால் தனக்கு விழாது என்றும் நம்பிக்கொள்ளலாம். அது 15 வயதுப் பெண் தனக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்.

இனம்

52 சதவீதம் பேர் ஊடகம் பிரவுனை அநியாயமாக நடத்துகிறது என்றும் சொன்னார்கள். ரிஹானாவை அநியாயமாக நடத்துகிறது என்று சொன்னவர்கள் 35 சதவீதம்தான். இந்த இடத்தில் பெரும்பாலான கட்டுரையாளர்கள் தலையில் அடித்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள். நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

ஊடகம் கறுப்பின இளைஞனை அநியாயமாக நடத்தும் என்ற எண்ணம் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. பிரவுன் பிறந்த 1989-ஆம் ஆண்டில்தான் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் கொடூரமாகத் தாக்கப்பட்டார். 14 முதல் 16 வயது வரையுள்ள கறுப்பின, லத்தீன் பையன்கள் ஐந்து பேரைப் பிடித்தார்கள். விசாரணை முடியும் முன்பே நாளிதழ்கள் அவர்களை ஓநாய்க் கூட்டம் என்று எழுதின. 2002-ல் உண்மைக் குற்றவாளி ஒப்புக்கொண்டு, மரபணுச் சோதனையும் பொருந்திய பிறகு ஐவரின் தண்டனையும் ரத்தானது. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தில், தொலைக்காட்சி ஒரு கறுப்பினப் பையனைக் காட்டி "இவன் அடித்தான்" என்றால் உடனே நம்பாமல் இருப்பதை அறிவு என்றுகூடச் சொல்லலாம். அதே 2009 டிசம்பரில் வெள்ளையின நடிகர் சார்லி ஷீன் மனைவியைத் தாக்கிய புகாரில் கொலராடோவில் கைதானார். அவருடைய தொலைக்காட்சித் தொடர் தொடர்ந்து ஓடியது. பிரவுனின் விளம்பரங்களோ சில நாட்களில் நிறுத்தப்பட்டிருந்தன. ஷீனையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்பதுதான் இதற்கு நியாயமான பதில். ஆனால் வித்தியாசம் இருந்தது என்பதைப் பார்க்கிற கண் பிள்ளைகளுக்கு இருந்தது.

சிக்கல் எங்கே என்றால், அந்த நியாயமான சந்தேகத்தின் விலையை ஒரு கறுப்பினப் பெண் கொடுத்தார். இதுவும் பழைய கதை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1991-ல் எழுதிய கட்டுரையில் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையிடம் குடும்ப வன்முறை பற்றிய பகுதிவாரிக் கணக்கைக் கேட்டபோது தரவில்லை. கணக்கு வெளியானால் சிறுபான்மை இனத்தவரை வன்முறைக்காரர்கள் என்று முத்திரை குத்த உதவும் என்ற அச்சமும் காரணங்களில் ஒன்று. சமூகத்தின் மானத்தைக் காப்பாற்ற, அந்தச் சமூகத்துப் பெண்கள் வாங்கும் அடி கணக்கில் வராமல் போகிறது. ரிஹானா சம்பவம் நடந்ததும் அதே ஊரில்தான். அவர் பிரவுனின் தொழிலைக் கெடுக்கிறார் என்று சொன்ன பாஸ்டன் பிள்ளைகளின் குரலில் இந்த நீண்ட பயிற்சி கேட்கிறது. "நம்ம பையனைக் காட்டிக் கொடுக்காதே."

மன்னித்த வேகம்

2009 ஜூலையில், பிரவுன் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு மாதத்துக்குள், மினசோட்டாவில் ஒரு கல்யாண ஜோடி 'ஃபாரெவர்' பாட்டுக்கு ஆடிக்கொண்டே தேவாலயத்துக்குள் நுழைந்த வீடியோ இணையத்தில் பரவியது. கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். அடங்கியிருந்த பாட்டு மறுபடியும் விற்பனைப் பட்டியலில் ஏறியது. யாரும் திட்டமிடாத மறுவாழ்வு அது. அந்த ஜோடி மட்டும் சங்கடத்தை உணர்ந்து, குடும்ப வன்முறைத் தடுப்புப் பணிக்கு நன்கொடை தாருங்கள் என்று தங்கள் பக்கத்தில் கேட்டுக்கொண்டது.

அதன் பிறகு எல்லாம் வேகம். 2010-ல் பெட் (BET) என்ற கறுப்பினத்தவருக்கான தொலைக்காட்சியின் விருது மேடையில் மைக்கேல் ஜாக்சனுக்கு அஞ்சலி, பாட முடியாமல் அழுகை. 2011 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சி நேர்காணலில் ரிஹானா பற்றிய கேள்வி வந்ததும் கோபம், உடைமாற்றும் அறையில் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. அந்த வாரம் வந்த ஆல்பம்தான் அவருக்கு முதன்முதலாகப் பட்டியலில் முதலிடம் வாங்கித் தந்தது. 2012 பிப்ரவரியில் அதே கிராமி மேடை அவரை அழைத்துப் பாடவைத்து விருதும் கொடுத்தது. விழாத் தயாரிப்பாளர் ஒருவர் ஏபிசியிடம் பேசியபோது, 2009-ல் நடந்ததால் பாதிக்கப்பட்டது விழாதான் என்ற பொருளில் பேசினார். நல்லவேளை, கார் இருக்கைக்கும் பாதிப்பு என்று சொல்லாமல் விட்டார்.

அந்த இரவில் இளம்பெண்கள் பலர் ட்விட்டரில் போட்ட பதிவுகளை பஸ்ஃபீட் தளம் தொகுத்தது. கிறிஸ் பிரவுன் என்னையும் அடிக்கலாம், எனக்குச் சம்மதம் என்கிற வகைப் பதிவுகள். பாதி விளையாட்டு, பாதி ஆசை. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லி வளர்க்கிற நமக்கு அதைப் பார்த்துப் பெரிதாக அதிர்ச்சி அடைய உரிமை இல்லை. ஆனாலும் 2009-க்கும் 2012-க்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. 2009-ல் பிள்ளைகள், அடித்ததற்குக் காரணம் தேடினார்கள். 2012-ல் அதற்குக்கூட அவசியம் இருக்கவில்லை. நடுவில் மூன்று வருடம் பெரியவர்களின் மேடைகளும் விருதுகளும் விற்பனைப் பட்டியல்களும் கொடுத்த பதில் அது.

ரிஹானா என்ற முன்மாதிரி

2009 நவம்பரில் ஏபிசி தொலைக்காட்சிச் செய்தியாளர் டயான் சாயரிடம் ரிஹானா முதன்முறையாக விரிவாகப் பேசினார். பிரவுனிடம் திரும்பிப் போனதை ஒப்புக்கொண்டார். அந்த முடிவைப் பார்த்து எங்கோ ஒரு பெண் தன்னை அடிப்பவனிடம் திரும்பிப் போய், அது அவள் உயிரையே பறிக்கலாம் என்று உணர்ந்தபோது அதைத் தாங்க முடியவில்லை என்றார். 21 வயதுப் பெண், தன் காயத்தோடு சேர்த்து முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்களின் உயிருக்கும் பொறுப்பேற்கிறார். பிரவுனிடம் இந்த அளவுக்கான கணக்கை யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. தன் வீட்டில் அம்மா அடி வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் என்று சம்பவத்துக்கு இரண்டு வருடம் முன்பே அவர் தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். ரிஹானாவும் அப்படியொரு வீட்டில் வளர்ந்தவர்தான். ஊடகம் ஒரு பின்கதையை அவனுக்கு விளக்கமாகவும், இன்னொன்றை அவளுக்கு எச்சரிக்கையாகவும் எழுதியது.

2012, 2013-ல் இருவரும் மறுபடி சேர்ந்து பாடினார்கள், சேர்ந்தும் இருந்தார்கள், பிரிந்தார்கள். அப்போது ரசிகைகள் கோபப்பட்டது ரிஹானா மீது. 2014 செப்டம்பரில் ரே ரைஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் தன் வருங்கால மனைவியை அடித்த வீடியோ வெளியாகி நாடே கொந்தளித்தபோது, சிபிஎஸ் தொலைக்காட்சி வியாழக்கிழமை ஆட்டத்தின் தொடக்கத்தில் ரிஹானா குரல் வரும் பாட்டை எடுத்துவிட்டது. யாரோ ஒருவர் யாரையோ அடித்ததற்கு, ஐந்து வருடத்துக்கு முன் அடி வாங்கியவரின் குரல் நீக்கப்பட்டது. மறுவாரம் திரும்பப் போடுகிறோம் என்றபோது ரிஹானா ட்விட்டரில் கோபமாகத் திட்டினார். பாட்டு மொத்தமாக எடுக்கப்பட்டது.

பாஸ்டனில் அடுத்து செய்தது

கணிப்பை எடுத்த ஆணையம் அதோடு விடவில்லை. பதின்பருவக் காதல் வன்முறையைத் தடுக்க 11 ஊர்களில் நடந்த 'ஸ்டார்ட் ஸ்ட்ராங்' திட்டத்தில் பாஸ்டனும் ஒன்று. அங்கே பிள்ளைகளையே வைத்து ஒரு கருவி செய்தார்கள். உணவுப் பொட்டலத்தின் பின்னால் சர்க்கரை இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு என்று அச்சடித்திருக்குமே, அதே மாதிரி பாட்டுக்கு ஒரு அட்டவணை. ஒரு பக்கம் மரியாதை, சமத்துவம், நம்பிக்கை, துணை நிற்பது. இன்னொரு பக்கம் அவமதிப்பு, ஆட்டிவைப்பது, உடைமை போல நடத்துவது, உறவென்றால் உடலுறவு மட்டும் என்பது. பிள்ளைகள் பாட்டைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவார்கள். ஆண்டுதோறும் ஆரோக்கியமான பத்துப் பாட்டு, ஆரோக்கியமில்லாத பத்துப் பாட்டு என்று பட்டியலும் போட்டார்கள். 2011-ல் காதல் முறிவை எப்படி நாகரிகமாகக் கையாள்வது என்று ஒரு மாநாடே நடத்தினார்கள்.

எனக்கு அந்தக் கருவி பிடித்திருக்கிறது. எந்தப் பாட்டையும் கேட்காதே என்று அது சொல்லவில்லை. கறுப்பினப் பாடகர்களை மட்டும் பிரித்துவைத்து நோய் போலப் பார்க்கவும் இல்லை. பட்டியலில் எந்த இனத்தவர் பாட்டும் வரலாம். ஆனால் 2009 முதல் 2012 வரை பிள்ளைகளின் தீர்ப்பை எழுதிய விஷயங்களை எடுத்துப் பாருங்கள். பால் மீசை விளம்பரம், ஒரு ஆல்பத்தின் பெயர், 11 நாள் வதந்தி, கசிந்த புகைப்படம், பரிந்துரையைத் திரும்பப் பெறாத சிறுவர் தொலைக்காட்சி, கல்யாண வீடியோ, கிராமி மேடை. இவற்றில் பாட்டு வரி என்று எதுவும் இல்லை. சூயிங்கம் விற்ற 'ஃபாரெவர்' பாட்டை அந்த அட்டவணையில் போட்டால் நல்ல மதிப்பெண்ணே வாங்கும்.